மூன்றாவது பட்டன்

கூட வேலை பார்த்த அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வெட்கமோ பயமோ காரணமில்லை. நான் எழுதுவது எப்படியும் ஒருநாள் இணையத்தில் ஏறிவிடும். ஏறினால் அந்த மெஷின் வாசிக்கும். வாசித்து, "இன்னார் கோவில்பட்டிக்காரர், இப்படிப்பட்டவர்" என்று ஒரு வரியை எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு எங்கோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெண்ணிடம் அதைக் காட்டி, "சரியா?" என்று கேட்கும். அந்தப் பெண் அக்காவைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டாள். ஆனாலும் சரி என்று அமுக்குவாள். நானும் அப்படித்தான் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆபீஸ் கோவில்பட்டியில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், பன்னிரண்டு பெண்கள், ஒரு டீம் லீடர் தம்பி. வேலை என்னவென்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாமல் முழிப்போம். விஷயம் இதுதான். எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு கம்பெனி ஒரு மெஷினுக்குப் படிப்பு சொல்லிக்கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து அல்ல. இணையத்தில் தமிழில் யார் எதை எழுதியிருந்தாலும் அது தானாகவே வாசிக்கும். வாசித்ததிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாக அறிவைப் பொறுக்கி எடுக்கும். "விளாத்திகுளம் ஒரு ஊர்." "மிளகாய் ஒரு பயிர்." இத்தனை பக்கங்களில் வாசித்தேன் என்று பக்கத்தில் ஒரு எண்ணையும் போட்டு எங்களிடம் கேட்கும். கீழே மூன்று பட்டன்கள்: சரி, தப்பு, தெரியாது.

அந்த மூன்றாவது பட்டன் இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. அக்கா வந்த பிறகுதான் அதன்மேல் வெளிச்சம் பட்டது.

அக்காவுக்கு வேலை பழக்கிவிட்டவள் நான்தான். வயதில் பத்து வருஷம் மூத்தவர் என்றாலும் சர்வீஸில் நான் எட்டு மாதம் மூத்தவள். முதல் நாள் பக்கத்தில் உட்காரவைத்து, "வாசிங்க, அமுக்குங்க, அடுத்ததுக்குப் போங்க, அவ்வளவுதான்க்கா" என்றேன். அக்கா தலையாட்டினார். முதல் வாக்கியம் வந்தது: "எவரெஸ்ட் உலகின் மிக உயரமான மலை." அக்கா வலது கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மவுஸ் தானாக அமுங்கிவிடுமோ என்று பயந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு மூன்றாவது பட்டனை அமுக்கினார்.

பின்னால் நின்ற டீம் லீடர் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னக்கா, எவரெஸ்ட் கூடவா தெரியாது?"

"கேள்விப்பட்டிருக்கேன் சார். அளந்தது யாரு, என்னன்னு எனக்குத் தெரியாதுல்லா."

"அப்ப நிலா இருக்கான்னு கேட்டாலும் தெரியாதுன்னு போடுவீங்களோ?"

"நிலாவத்தான் டெய்லி பாக்கேனே சார்."

ஆபீஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனின் பூகோளப் பாடப்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதில் எவரெஸ்ட் இருந்தது. அந்தக் கேள்வி மறுபடி வருமா என்று மத்தியானம் வரை காத்திருந்தார். வரவில்லை. அதற்கு அக்கா வருத்தப்பட்டதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரே கேள்விதான்: "யாரு பாத்தா?" வெளியே மழை என்று யாராவது சொன்னால் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பார். பஸ் வந்துருச்சு என்று நாங்கள் ஓடினால், பஸ்ஸின் மூஞ்சி கண்ணில் படுகிறவரை பையைத் தோளில் மாட்டமாட்டார். அப்படி இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறோம். எட்டயபுரத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று ஒரு வாக்கியம் வந்தபோது, டீ குடிக்கும் இடைவேளையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் விசாரித்துவிட்டு, நெற்றி வியர்வையோடு வந்து 'தப்பு' என்று அமுக்கினார். பேச்சில்கூட அவர் வாயில் 'சரி' வராது. "சாப்பிடப் போவமாக்கா" என்றால் "பாப்போம்" என்பார். சாப்பிடப் போவதில் என்னத்தைப் பார்ப்பது?

டீம் லீடர் தம்பி கெட்டவன் இல்லை. அவனுக்கு மேலே இருந்து போன் வரும். ஒருநாள் அக்காவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

"அக்கா, சரின்னு லாக் ஆகணும்னா மூணு பேரு அமுக்கணும். தெரியாதுக்கு நீங்க ஒருத்தர் அமுக்குனாலே போதும். அந்த விஷயத்தோட சேந்த எல்லாத்தையும் மெஷின் தெறந்து போட்டுரும். ஏற்கெனவே லாக் ஆனது உட்பட. அப்புறம் யாராவது கேட்டா அது உறுதியாப் பேசாது, எனக்குத் தெரியலன்னு நின்னுரும். பேசத்தான அத வளக்காங்க? பேசாத மெஷின வச்சு கம்பெனி என்ன செய்யும்?"

அக்கா ரொம்பக் கவனமாகக் கேட்டார். பிறகு, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுதது நல்லதுதான சார்?" என்றார். தம்பி எழுந்து போய்விட்டான். அந்த மாதத்திலிருந்து ஆளுக்கு இத்தனை 'தெரியாது'க்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கு வந்தது. அது அக்கா ஒருவருக்காகவே வந்த கணக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். தாண்டினால் வேலை கிடையாது.

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் பயமாக மாறியது அந்த வெங்காயச் சாற்றில்தான். வெங்காயச் சாற்றைக் காதில் விட்டால் காதுவலி போய்விடும் என்று மெஷின் ஒருநாள் கேட்டது. இருபத்து மூன்று பக்கங்களில் வாசித்ததாகச் சொன்னது. இருபத்து மூன்று என்றால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சரி போடுவோம். அக்கா இருபத்து மூன்றையும் திறந்து உட்கார்ந்து வாசித்தார். அதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிறகு என் நாற்காலியைத் தட்டினார்.

"ஏட்டி, இங்கன பாரு. எல்லாத்துலயும் கடைசில என்ன போட்டிருக்குன்னு பாரு."

பார்த்தேன். "இதை எனக்குச் சொன்னது என் மாமா" என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கு அடுத்ததிலும்.

"இருவத்து மூணு பேருக்கும் ஒரே மாமாவாட்டி?"

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. எவனோ ஒருவனின் மாமா என்றைக்கோ எதையோ சொல்லியிருக்கிறார். அவன் எழுதினான். மற்ற இருபத்து இரண்டு பேர் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். மெஷின் வந்து அதை இருபத்து மூன்று சாட்சி என்று எண்ணிக்கொண்டது. நானும் எண்ணினேன். அதற்கு முந்தின வாரங்களில் நான் சரி போட்ட ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் எத்தனைக்கு ஒரே மாமாவோ. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை அதே நினைப்பு. யார் வீட்டுப் பிள்ளையின் காதில் யார் எதை ஊற்றுகிறார்களோ என்று.

அக்காவுக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மாதத்தில் ஒருநாள் கடம்பூர் போளி வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுப்பார். தான் மட்டும் சாப்பிடமாட்டார். "போளி திங்காதவங்க எதுக்குக்கா அம்புட்டுத் தூரம் போறிய?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"என் தங்கச்சி அங்கனதான் இருக்கா" என்றார். போளிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே மீதியையும் சொன்னார். தங்கச்சிக்கு இருபது வயதாக இருக்கும்போது, அவள் யாரோ ஒரு ஆளோடு ரயில் ஏறிப் போனதாக ஊரில் பேச்சு. பத்துப் பேர் வந்து சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி திரும்பி வந்தபோது அக்காதான் கதவைச் சாத்தினாராம். அவள் திருநெல்வேலிக்குப் பரீட்சை எழுதப் போயிருந்தாள். வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள் என்று சொல்லாமல் போயிருந்தாள். பத்துப் பேரையும் பிறகு அக்கா தனித்தனியாகப் போய் விசாரித்தார். ஒன்பது பேர் அந்தப் பத்தாவது ஆள் சொல்லிக் கேட்டவர்கள். அந்தப் பத்தாவது ஆளோ, ரயிலில் போனது அவள் மாதிரி இருந்தது என்று மட்டும்தான் சொன்னாராம்.

"இப்ப பேசுவாவளாக்கா?"

"தெரியாது. தெரு முனை வரைக்கும் போவேன். போளி வாங்கிட்டு வந்துருவேன்."

ஊரில் உள்ள எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்க்கிறவர், அந்த ஒன்றைப் பார்க்கப் பயந்து தெரு முனையோடு திரும்புகிறார். அன்றிலிருந்து அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் விளாத்திகுளம் போகிற வழியில் இருக்கிறது. ஆடு மேய்க்கிற குடும்பம். அப்பாவை அய்யா என்போம். அவர் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் மேற்கே வயக்காடுகளில் உரத்துக்காகக் கிடை போடப் போய்விடுவார். வீட்டில் பன்னிரண்டு வெள்ளாடுகள் நிற்கும். அவற்றை அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மதினி, பார்த்துக்கொள்வார். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். மதினி சிவகாசி டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஆட்டின் வாயையும் வாலையும் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் பக்கத்தில் பார்த்தார்.

ஒருநாள் காலையில் எனக்கு வந்தது எல்லாம் ஆடு, மாடு, தீவனம். எங்கள் வீட்டு விஷயம். கை தானாக ஓடியது. "சோளப்பயிர் ஆடுகளுக்கு நல்ல பசுந்தீவனம்" என்று வந்தது. பதினேழு பக்கங்கள். சரி என்று அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். மத்தியானம் சாப்பிடும்போது, "இன்னைக்கு எல்லாம் நம்ம பாடம்க்கா" என்று பெருமையடித்துக்கொண்டேன். சோளத்தையும் சொன்னேன்.

"எந்தச் சோளம்ட்டி?"

"சோளம்னா சோளந்தான்க்கா."

"சின்னதா பெருசா, பச்சையா காஞ்சதா, எதாவது போட்டிருந்துச்சா?"

"வெளஞ்ச சோளந்தான்க்கா. மழ இல்லாம வாடிப் போய் நிக்குத எளசோளத்த யாராச்சும் ஆட்டுக்குக் காட்டுவாவளா? ரெண்டு வாய் தின்னா போதுமே, ஆடு செத்துல்லா போகும்."

சொல்லி முடித்ததும் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தார்.

"அது மெஷினுக்குத் தெரியுமாட்டி?"

சாப்பாட்டு டப்பாவை மூடாமலேயே ஓடினோம். அந்தப் பதினேழு பக்கங்களையும் திறந்தோம். மெஷின் வாசித்ததாகக் காட்டிய வேறு பக்கங்களையும் திறந்தோம். வாடிய இளஞ்சோளம் விஷம் என்று ஒன்றிலும் இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் ஆட்கள் அதை எழுதுவார்களா? நெருப்பில் கை வைத்தால் சுடும் என்று யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள்? எல்லோருக்கும் தெரிந்தது என்பதாலேயே அதை ஒருவரும் எழுதவில்லை. எழுதாததை மெஷின் வாசிக்க முடியாது. அது வாசித்ததெல்லாம் எங்கோ தண்ணீர்ப் பாசனத்தில் சோளம் வளர்க்கிறவர்கள் எழுதியது. மழை பொய்த்த கரிசலில் முழங்கால் உயரத்தில் கருகி நிற்கிற பயிரை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்த்து வளர்ந்த ஜாதியில் வந்த நானே சரி போட்டுவிட்டேன்.

டீம் லீடர் தம்பியிடம் போய் நின்றேன். அவன் திரையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மூணாவது சரி உன்னோடது. லாக் ஆயிருச்சு. இனி நாம தெறக்க முடியாது. இதப் பத்தி வேற பக்கம் எதையாவது அது படிச்சு, அதுவா மறுபடி கேட்டாத்தான் உண்டு."

"பக்கமே இல்லையே!"

"இல்லன்னா இல்லதான்."

அந்த மெஷினைப் போனில் கேள்வி கேட்கிற மாதிரி ஊர் ஊராகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஊரிலும் பலர் வைத்திருந்தார்கள். மதினி ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதிலிருந்து எல்லாவற்றையும் அதனிடம்தான் கேட்பார். மதினிக்கு மட்டும் நான் சொல்லிவிடலாம். சொன்னேன், போனிலேயே சொன்னேன். "சரி சரி" என்றார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஊர் மதினிகளுக்கு யார் சொல்வது?

அன்று அக்கா தன் பையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஒங்க அய்யா எப்ப வாராவ?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யா இரண்டு நாளைக்கு ஊருக்கு வந்திருந்தார். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு நோட்டு, ஒரு பேனா. காப்பியைக்கூடத் தொடவில்லை.

"வாடுன எளசோளம் தின்னு ஆடு செத்தத நீங்க பாத்தியளா?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமே தாயி."

"எல்லாரும் வேண்டாம். நீங்க பாத்தியளா?"

அய்யாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாக்காம என்ன? என் கூடப்பொறந்த அக்கா வீட்டு ஆடு ஏழு. என் கண்ணு முன்னாடி." பிறகு அவர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். எந்தப் புஞ்சைக் காடு, பயிர் எவ்வளவு உயரம், மழை நின்று எத்தனை நாள், ஆடு தின்று எவ்வளவு நேரத்தில் விழுந்தது. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இறைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூன்று விழுந்துவிட்டதாம். வாயில் நுரை, கால் வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா விடவில்லை. அந்தக் காட்டையே காட்டச் சொன்னார். வெடித்த கரிசலில் மூன்று பேரும் நடந்தோம்.

"என்னம்மா, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்குத மாதிரி கேக்கிய" என்று அய்யா சலித்துக்கொண்டார். ஆனால் பஸ் ஏற்றிவிடும்போது, "இதையெல்லாம் எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அக்கா அதை அப்படியே தட்டச்சு செய்து, இணையத்தில் காசில்லாமல் எழுதக் கிடைக்கிற ஒரு இடத்தில் போட்டார். அய்யா என்ன பார்த்தார், எங்கே பார்த்தார், எப்போது பார்த்தார். கூடக் குறைய ஒரு சொல் இல்லை. அதன் பிறகு காத்திருந்தோம். தினமும் கம்ப்யூட்டரைத் திறந்ததும் சோளம் வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த வருஷம் மழையும் சரியில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சோளம் இலை சுருண்டு நின்றது. இரண்டு பக்கமும் அதுதான். பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் ஓரத்தில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் அது கேட்டது. கேட்டது என்னிடம் இல்லை, அக்காவிடம்.

"வாடிய இளஞ்சோளம் ஆடுகளுக்கு நஞ்சு. வாசித்த பக்கம்: ஒன்று."

அக்கா என் நாற்காலியைத் தட்டினார். ஓடிப்போய் அவர் பின்னால் நின்றேன். அப்பாடா என்று இருந்தது. "அமுக்குங்கக்கா, சீக்கிரம்" என்றேன்.

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ பாத்திருக்கியாட்டி?"

"என்னது?"

"ஆடு சோளம் தின்னு செத்தத."

வாயைத் திறந்தேன். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆட்டை விரட்டியிருக்கிறேன், விரட்டச் சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு ஆடு செத்து நான் பார்த்ததில்லை.

"இல்லக்கா. ஆனா அய்யா பாத்தாவல்லா! நீங்கதான எழுதுனிய!"

"அதான்ட்டி. எழுதுனவளே மொதப் பட்டன அமுக்குனா அப்புறம் இதுவும் அந்த மாமா கதைதான."

"அக்கா, இது வெங்காயம் இல்ல. உசுரு. அந்த மாமா பாக்கல, அய்யா பாத்தாவ."

"பாத்தது அவிய. அமுக்குதது நானு."

அந்த மாதம் அக்காவின் கணக்கு முடிந்துபோயிருந்தது. இன்னும் ஒரு 'தெரியாது' விழுந்தால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று தம்பி முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். சரி என்று அமுக்கினால் வேலையும் தங்கும். அக்கா மூன்றாவது பட்டனை அமுக்கினார்.

நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். இந்த மனுஷிக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று இருந்தது. சாயங்காலம் தம்பி அவரைக் கூப்பிட்டுப் பேசினான். அக்கா வந்து பாடப்புத்தகத்தையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் வைத்தார். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றார். நான் திரும்பவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு மாதம் போனது. மழை முற்றாகப் பொய்த்துவிட்டது. ஒரு மத்தியானம் மதினி போன் செய்தார். மதினி எதையும் நேராகச் சொல்லமாட்டார்.

"தழை ஒண்ணும் கெடைக்கல. ஆடு கெடந்து கத்துது. நம்ம காட்டுச் சோளமும் போச்சு, இனி வெளையவா போகுது? சும்மா கருகுததுக்கு ஆடாவது திங்கட்டுமேன்னு அவுத்துட்டேன்."

"மதினி!" என்று நான் கத்தியது உரக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"கேளு முன்ன. அவுத்துட்டு, நீ எப்பவோ சோளத்தப் பத்தி என்னமோ சொன்னியேன்னு போன்ல கேட்டேன். எப்பவும் டக்கு டக்குன்னு பதில் சொல்லுமா? இன்னைக்கு, வாடிய இளஞ்சோளம் பற்றி எனக்கு உறுதியாகத் தெரியாது, ஆடு வளர்ப்பவர்களிடம் கேட்டுவிட்டு மேய விடுங்கள்னு சொல்லுது. இதுக்கே தெரியலையேன்னு எனக்குப் பயமாப் போச்சு. புடிச்சுக் கட்டிட்டேன். விடலாமா, கூடாதா?"

"கூடாது மதினி. கூடவே கூடாது."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று பேர் சரி போட்டு இறுகிக் கிடந்ததை ஒரே ஒரு 'தெரியாது' திறந்து போட்டிருக்கிறது. தம்பி அன்று விளக்கியதை அக்கா கவனமாகக் கேட்டது ஞாபகம் வந்தது. ஒற்றைச் 'சரி'யை அமுக்கியிருந்தால் மற்ற இரண்டு பேருக்காக அது இன்னும் காத்துக் கிடந்திருக்கும். பழையதும் பழையபடியே பேசிக்கொண்டிருந்திருக்கும். இதைத் தெரிந்துதான் செய்தாரா, இல்லை அவர் சுபாவமே அதுதானா, தெரியவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுப்பாரா என்று பயம். எடுத்தார்.

"அக்கா, வீட்டு ஆடெல்லாம் தப்பிச்சிருச்சு. ஒங்களாலதான்." அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு, "நீ பாத்தியாட்டி?" என்றார்.

"மதினி சொன்னாவக்கா. கட்டிட்டாவளாம்."

"போயி பாத்துட்டுச் சொல்லு." வைத்துவிட்டார்.

கோபம் வந்தது. அழுகிறவளிடம் பேசுகிற பேச்சா? ஆனாலும் தம்பியிடம் சொல்லிக்கொண்டு விளாத்திகுளம் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் என்ன சனியன் பிடித்த மனுஷி என்று திட்டிக்கொண்டே போனேன்.

மதினி கட்டித்தான் போட்டிருந்தார். காட்டு ஓரத்து வேப்பமரத்தடியில், நிழல் நல்லா இருக்கே என்று. பதினொரு ஆடு மரத்தைச் சுற்றிப் படுத்திருந்தது. பன்னிரண்டாவது, ஒரு சினை ஆடு, கயிறு நீளமாக இருந்ததில் முள்வேலிக்குள் தலையை நுழைத்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளிச் சுருண்டு நின்றது சோளம். செருப்பை உதறிவிட்டு ஓடினேன். கொம்பைப் பிடித்து இழுத்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். வேப்பிலைதான் இருந்தது. நானும் மதினியும் பன்னிரண்டையும் அவிழ்த்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து கட்டினோம். பொழுது சாய்கிறவரை ஒவ்வொன்றின் வயிற்றையும் வாயையும் பார்த்தபடி அவற்றின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் அசைபோட்டன.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"பாத்துட்டேன்க்கா."

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும். நானே புடிச்சுக் கட்டுனேன். இப்ப என் முன்னாடி நிக்கி."

ஒன்றரை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தும் அவர் வாயால் நான் கேட்டிராத சொல்லை அப்போதுதான் கேட்டேன்.

"சரி" என்றார் அக்கா.